விம் வெண்டர்ஸின் ‘பினா’: பார்க்கும் முன்பும் பார்த்த பிறகும் கேட்கப்படும் கேள்விகள்

பினா பௌஷ் என்ற ஜெர்மன் நடன அமைப்பாளரைப் பற்றி ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்த ஆவணப்படம் ‘பினா’, 2011-ல் வெளிவந்தது. இதை யாரைப் பார்க்கச் சொன்னாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன்.

பினா பௌஷ் யார்?

1940-ல் சோலிங்கன் என்ற ஜெர்மன் ஊரில் பிறந்தவர். பெற்றோர் சின்னதாக ஒரு விடுதியும் உணவகமும் நடத்தினார்கள். இரவு தூங்கப் போகாமல் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, வருகிற பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்த குழந்தை அவர். மேசை நாற்காலிகளுக்கு நடுவே மனிதர்கள் ஒருவரையொருவர் தேடித் தவிக்கிற காட்சிகள் அவர் படைப்புகளில் எங்கிருந்து வந்தன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைதான் ஞாபகத்துக்கு வரும்.

பதினான்கு வயதில் எஸ்ஸென் நகரத்தில் உள்ள ஃபோல்க்வாங் கலைப் பள்ளியில் கூர்ட் யோஸ் என்ற நடன மேதையிடம் சேர்ந்தார். உதவித்தொகை கிடைத்து நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியில் படித்தார். 1973-ல் வூப்பர்டால் என்ற தொழிற்சாலை நகரத்தின் பாலே குழுவுக்குப் பொறுப்பேற்றார். சீக்கிரமே அந்தக் குழுவின் பெயரே ‘டான்ஸ்தியேட்டர்’ என்று மாறியது. நடனமும் நாடகமும் ஒரே மேடையில் ஒன்றோடொன்று கலந்துபோகும் அந்த வகைக்கு இன்று உலகம் முழுவதும் அதுதான் பெயர்.

ஆரம்பத்தில் அந்த ஊர் அவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அழகான பாலே பார்க்கலாம் என்று வந்தவர்கள் பாதியில் எழுந்து, கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார்கள். ஆனாலும் அவர் வேறு ஊருக்குப் போகவில்லை. சாகும்வரை 36 ஆண்டுகள் அதே ஊர், அதே குழு, நாற்பதுக்கும் மேற்பட்ட படைப்புகள்.

இது வாழ்க்கை வரலாற்றுப் படமா?

இல்லை. பிறந்த தேதி, படித்த பள்ளி, வாங்கிய விருது எதுவும் படத்தில் வராது. மேலே எழுதியதில் பாதிகூடப் படத்தில் கிடையாது. படத்தின் தொடக்கத்திலேயே ‘பினா பௌஷுக்காக ஒரு படம்’ என்ற பொருளில்தான் போடுகிறார்கள். அந்த ‘காக’ ரொம்ப முக்கியம். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் படமே வேறு மாதிரித் தெரியும்.

வெண்டர்ஸும் பினாவும் சேர்ந்து எடுக்க வேண்டிய படம் இது. 1985-ல் வெனிஸில், தோழி ஒருவர் வற்புறுத்தியதால் அரை மனதோடு பினாவின் நிகழ்ச்சிக்குப் போன வெண்டர்ஸ் அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அப்போதே சேர்ந்து படம் எடுப்போம் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. ஆனால் எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கும்போதெல்லாம் பினா ‘எப்போது?’ என்பார், இவர் கையை விரிப்பார். இப்படியே இருபது ஆண்டுகள் போயின. கடைசியில் எல்லாம் கூடிவந்து, எந்தெந்தப் படைப்புகளைப் படமாக்குவது என்றுகூட இருவரும் முடிவு செய்த பிறகு, படப்பிடிப்புக்குச் சற்று முன்னால், 2009 ஜூன் 30 அன்று பினா இறந்துவிட்டார். புற்றுநோய் என்று கண்டுபிடித்து ஐந்தே நாட்கள்.

வெண்டர்ஸ் படத்தைக் கைவிட்டார். அவரை மறுபடி இழுத்துவந்தவர்கள் ஆடுபவர்கள்தான். நாங்கள் ஆடத்தான் போகிறோம், ஒத்திகையும் ஆரம்பித்துவிட்டோம், இந்தப் படைப்புகள் எங்கள் உடம்பில் இருக்கும்போதே எடுங்கள் என்று நின்றார்கள். அதனால்தான் இந்தப் படத்தில் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு சாவு வீடு இருக்கிறது. யாரும் அதை வாய்விட்டுப் பெரிதாகச் சொல்வதில்லை.

எனக்கு நடனம் பற்றி ஒன்றுமே தெரியாது. புரியுமா?

அதிகமாக வருகிற கேள்வி இது. என் அம்மாவை வைத்தே பதில் சொல்கிறேன். அவருக்கு நடனம் என்றால் பரதநாட்டியம், இல்லாவிட்டால் சினிமா பாட்டு. ஒரு நாள் மத்தியானம் நான் இந்தப் படத்தைப் போட்டபோது கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். பினாவின் ‘கஃபே முல்லர்’ என்ற படைப்பு வந்தது. மேடை முழுக்க நாற்காலிகள், வெள்ளை உள்ளாடை போன்ற நீள உடையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே ஓடுகிறார், ஒரு ஆள் அவசர அவசரமாக அவர் போகிற வழியிலுள்ள நாற்காலிகளைத் தள்ளிவிடுகிறார். அம்மா கையிலிருந்த கீரையை அப்படியே பிடித்துக்கொண்டு ‘ஐயோ, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்’ என்றார். அந்தக் காட்சி முடிந்ததும், ‘அந்த ஆளுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். அவளுக்கு இவன் இருக்கிறதே தெரியாது’ என்றார்.

அந்தப் படைப்பைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. 1978-ல் அரங்கேறியபோது அந்த நாற்காலி தள்ளும் வேடத்தில் இருந்தவர் ரோல்ஃப் போர்ட்சிக், பினாவின் துணைவர், அவருடைய மேடைகளை வடிவமைத்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஆடிய இரண்டு பெண்களில் ஒருவர் பினாவே. இரண்டு ஆண்டுகளில் போர்ட்சிக் இறந்துபோனார். இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது.

ஆகவே, புரியும். என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு அசைவுக்கும் அகராதி தேடாமல் உட்கார்ந்தால் போதும். மனிதர்கள் எப்படி அசைகிறார்கள் என்பதைவிட எது அவர்களை அசைக்கிறது என்பதில்தான் தனக்கு அக்கறை என்று பினா சொல்லியிருக்கிறார். அது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பதும் விழுவதுமாகத் திரும்பத் திரும்ப வருகிறதே, அது எதற்கு?

அதுவும் ‘கஃபே முல்லர்’தான். ஒரு ஆணும் பெண்ணும் இறுக அணைத்தபடி நிற்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து அவர்களைப் பிரித்து, ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்பது போலச் சரிசெய்கிறார்: உதட்டோடு உதடு, கை இங்கே, பிறகு அவளைத் தூக்கி அவன் கைகளில் கிடத்துகிறார். அவர் திரும்பி நடந்ததும் அவன் கை தளர்ந்து அவள் பொத்தென்று தரையில் விழுகிறாள். உடனே எழுந்து பழையபடி அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவர் திரும்பி வருகிறார். மறுபடி அதே வரிசை. ஒவ்வொரு தடவையும் வேகம் கூடுகிறது. கடைசியில் அந்த மூன்றாவது ஆள் தேவையே இல்லை, அவர் போன பிறகும் இருவரும் தாங்களாகவே அத்தனையையும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் தடவை பார்க்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரும். ஐந்தாவது தடவை சிரிப்பு நின்றுவிடும். பத்தாவது தடவையில் நமக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்துவிடும். திரும்பச் செய்வதால்தான் அது நடக்கிறது. ஒரே ஒருமுறை காட்டியிருந்தால் அது ஒரு வேடிக்கைக் காட்சியாக நின்றிருக்கும்.

மண்ணில் ஆடுவது எந்தப் படைப்பு?

1913-ல் பாரிஸில் அரங்கேறிய, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ இசைக்குப் பினா 1975-ல் அமைத்த நடனம். வசந்தம் வருவதற்காக ஒரு பெண்ணைப் பலி கொடுக்கிறார்கள், அவள் ஆடி ஆடியே சாக வேண்டும். பினா செய்த காரியம், மேடை முழுவதும் பீட் என்கிற கறுப்பு மண்ணைக் கொட்டியது. மண்ணில் கால் புதைகிறது, வியர்வையில் ஒட்டுகிறது, நேரம் போகப் போக எல்லார் உடையும் முகமும் அழுக்காகிறது. களைப்பை நடிக்க வேண்டியதில்லை, உண்மையிலேயே மூச்சு வாங்குகிறது, அந்த மூச்சுச் சத்தம் இசைக்கு நடுவே நமக்குக் கேட்கிறது.

சிவப்புத் துணி ஒன்றைக் கவனியுங்கள். பெண்கள் அதை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தள்ளிவிடுகிறார்கள், நெருப்பைத் தொட்ட மாதிரி. யார் அதை அணிகிறாளோ அவள்தான் பலி. அதைப் பிடித்தபடி ஒவ்வொருத்தியும் ஆண்களின் கூட்டத்தை நோக்கி நடந்துபோய் நிற்கும் இடம் இருக்கிறதே, முழுப் படத்திலும் எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

முப்பரிமாணத்தில் எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

இருபது ஆண்டுகள் வெண்டர்ஸ் கையை விரித்ததற்குக் காரணமே இதுதான். நடனம் நடப்பது இடத்துக்குள். சாதாரணக் கேமராவில் அதைப் பிடித்தால் கண்ணாடித் தொட்டிக்கு வெளியே நின்று மீனைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது என்பது அவர் கவலை. 2007-ல் கான் திரைப்பட விழாவில் யூ2 இசைக்குழுவின் முப்பரிமாணக் கச்சேரிப் படத்தைப் பார்த்தபோதுதான் வழி கிடைத்தது, உடனே பினாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் முப்பரிமாணம் என்றால் எதையாவது பார்வையாளன் மூஞ்சியில் எறிவது என்று இருந்தது. இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஒருவர் முன்னால் நிற்கிறார், இன்னொருவர் நாலடி பின்னால் நிற்கிறார், அந்த நாலடி கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான், ஆனால் நடனத்துக்கு அந்த நாலடிதான் எல்லாம்.

இப்போது நம்மில் பெரும்பாலோருக்குச் சாதாரணத் திரையில்தான் பார்க்கக் கிடைக்கும். பரவாயில்லை, பாருங்கள். ஃபோனில் மட்டும் வேண்டாம். கூட்டமாக ஆடும் காட்சிகளில் பின்வரிசையில் இருப்பவர்கள் புள்ளியாகிப்போவார்கள்.

ஆடுபவர்கள் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள், குரல் கேட்கிறது, வாய் மட்டும் அசைவதில்லை. ஏன் அப்படி?

படத்தின் உயிர் இருக்கும் இடத்தைக் கேட்டுவிட்டீர்கள். இதற்குப் பினா வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

1978-க்குப் பிறகு அவர் ஆடுபவர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்து நடனம் அமைப்பதைப் பெருமளவு விட்டுவிட்டார். அதற்குப் பதில் கேள்வி கேட்டார். ஒரு படைப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். கடைசியாக எப்போது அழுதீர்கள், பயமாக இருக்கும்போது என்ன செய்வீர்கள் என்ற ரகத்தில். ஆடுபவர் வார்த்தையில் பதில் சொல்லலாம், ஒரு அசைவில் சொல்லலாம், பாட்டாகப் பாடலாம். அவர் உட்கார்ந்து பார்ப்பார், குறித்துக்கொள்வார், நல்லது கெட்டது என்று அதிகம் பேச மாட்டார். மாதக்கணக்கில் சேர்ந்த பதில்களில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துக் கோத்து மேடைக்குக் கொண்டுவருவார். அதனால்தான் அவர் குழுவில் வயது, உயரம், தாய்மொழி எல்லாமே கலந்து கிடக்கும். ஒரே மாதிரி உடம்புகள் அவருக்குத் தேவைப்படவில்லை.

வெண்டர்ஸ் அதே முறையைக் கையில் எடுத்தார். இந்த முறை கேள்வி பினாவைப் பற்றியது. ஒவ்வொருவரும் ஆடியே பதில் சொன்னார்கள். பேச வேண்டியிருந்ததைத் தங்கள் மொழியில் பேசினார்கள், பிரெஞ்சு, ஸ்பானிஷ், கொரியன், ரஷ்யன் என்று. படத்தில் அந்தக் குரல் ஓடும்போது அவர் முகம் சும்மா நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடங்களில் பினா தன்னிடம் சொன்ன ஒரே அறிவுரை ‘நீ இன்னும் பைத்தியமாக ஆக வேண்டும்’ என்பதுதான் என்று ஒருவர் நினைவுகூர்கிறார். சிலர் ஒன்றுமே சொல்வதில்லை. அந்த மௌனத்தையும் வெண்டர்ஸ் வெட்டாமல் வைத்திருக்கிறார்.

கேட்க ஆள் இல்லாமல் போன பிறகும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் இவர்கள். நான் இந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது இதற்காகத்தான்.

கண்ணை மூடிக்கொண்டு ஆடும்போது பார்வை எங்கே இருந்தால் என்ன?

பினாவே பேசும் பழைய பதிவு ஒன்று படத்தில் வருகிறது. ‘கஃபே முல்லரை’ப் பல காலம் கழித்து மறுபடி ஆடியபோது பழைய உணர்வு வரவே இல்லையாம். எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டு ஒரு நாள் கண்டுபிடித்தாராம்: மூடிய இமைக்குள் கண் கீழே பார்க்கிறதா, நேரே பார்க்கிறதா என்பதில் இருக்கிறது வித்தியாசம். இமைக்குப் பின்னால் நடப்பது அரங்கத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்கு மட்டும் தெரியும். அதைச் சரிசெய்ததும் எல்லாம் திரும்பிவிட்டது. பதிவை நிறுத்திவிட்டு நீங்களே கண்ணை மூடி இரண்டு விதமாகவும் செய்துபாருங்கள், நெஞ்சுக்குள் ஏதோ மாறும்.

அந்தத் தொங்கும் ரயில் நிஜமா?

நிஜம். வூப்பர்டால் நகரத்தின் ஷ்வேபெபான். 1901-லிருந்து ஓடுகிறது, 13 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதில் பெரும்பகுதி வூப்பர் ஆற்றுக்கு நேர் மேலே. தண்டவாளம் மேலே, பெட்டி கீழே. 1950-ல் விளம்பரத்துக்காக ஒரு சர்க்கஸ் குட்டியானையை அதில் ஏற்ற, அது மிரண்டு ஆற்றில் குதித்துப் பிழைத்துக்கொண்ட கதை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

தனிநடனங்களை வெண்டர்ஸ் மேடையை விட்டு ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார். ரயிலுக்குள், தெருச் சந்தியில், நீச்சல் குளத்தில், பழைய ஆலைக்கு முன்னால், காட்டில். கதவு சாத்திவிட்டுப் போன அதே ஊர்.

வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதே நடனத்தை ஆடுகிறார்களே?

‘கொன்டாக்ட்ஹோஃப்’ என்ற 1978-ம் ஆண்டுப் படைப்பு. பழைய நடனக்கூடம், சுவரோரம் நாற்காலி, ஆணும் பெண்ணும் முன்னால் வந்து தங்களைக் காட்டுகிறார்கள்: பல்லை, கையை, பக்கவாட்டுத் தோற்றத்தை. பெண் பார்க்கும் படலத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கமே தேவையில்லை. இதைப் பினா 2000-ல் 65 வயதுக்கு மேற்பட்ட வூப்பர்டால்வாசிகளை வைத்தும், 2008-ல் பதின்வயதினரை வைத்தும் மறுபடி செய்தார். யாரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல. வெண்டர்ஸ் மூன்று குழுக்களையும் வெட்டி ஒட்டியிருக்கிறார். ஒரு பெண் திரும்புகிறாள், திரும்பி முடிப்பதற்குள் எழுபது வயதாகிவிடுகிறது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் கூட உட்கார்ந்து பார்க்கலாம். மண்ணில் ஆடும் காட்சியில் சில நொடிகள் உடை விலகும், பெண்களைப் பிடித்துத் தள்ளும் இடங்கள் வரும். ‘முழுநிலா’ என்ற படைப்பில் பெரிய பாறையும் மேடை முழுக்கத் தண்ணீரும் வரும், வாளி வாளியாக அள்ளி வீசுவார்கள். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பெண்கள் இவ்வளவு துன்பப்படுவதைக் காட்டுவது சரியா?

நியாயமான கேள்வி, புதிய கேள்வியும் அல்ல. 1984-ல் பினாவின் குழு அமெரிக்கா போனபோது ஆர்லீன் குரோச்சி என்ற பெரிய நடன விமர்சகர் வலியைக் காட்சிப்பொருளாக்குகிறார் என்று கடுமையாக எழுதினார். என் கருத்து வேறு. அவர் மேடையில் வன்முறை அழகாக இருப்பதே இல்லை, அலுக்கிற வரைக்கும், கூச்சம் வருகிற வரைக்கும் நடக்கிறது. ஒரு காட்சியில் பல ஆண்கள் சுற்றி நின்று ஒரு பெண்ணை ஆறுதல்படுத்துகிற பாவனையில் மூக்கை, கன்னத்தை, தலைமுடியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கனிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தொல்லையாகிறது. நெரிசல் பேருந்தில் போய்வந்த எந்தப் பெண்ணும் அந்த முகத்தை அடையாளம் காண்பாள்.

பினாவுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு, படத்தில் இது வராது என்றாலும். கார்னேஷன் பூக்கள் நிறைந்த மேடையில் ஆடும் ‘நெல்க்கென்’ படைப்பை 1994-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கொல்கத்தாவிலும் கேரளத்திலும் தங்கிச் சேர்த்த அனுபவங்களை வைத்து 2007-ல் ‘பாம்பூ ப்ளூஸ்’ செய்தார். சென்னையில் பிறந்து பாரிஸில் வளர்ந்து, வெம்பட்டி சின்ன சத்யத்திடம் குச்சிப்புடி கற்ற சாந்தலா சிவலிங்கப்பா அவரோடு சில படைப்புகளில் ஆடியிருக்கிறார்.

அப்புறம் சந்திரலேகா. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையோரம் வாழ்ந்து, பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து, பரதத்திலிருந்த சாமி கதைகளை ஓரமாக வைத்த நடன அமைப்பாளர். 2006 டிசம்பரில் இறந்தார். இவரும் பினாவும் தோழிகள். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்த பார்வையில் உள்ள ஒற்றுமையைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

படத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. எல்லாருமே பினாவைப் போற்றுகிறார்கள். கோபம், மனக்கசப்பு, பிரிந்துபோனவர்கள் யாரும் இல்லை. ஒரு குழுவில் முப்பது நாற்பது பேர் பல்லாண்டு ஒருவரையே நம்பி இருந்தால் அதில் உரசல் இல்லாமல் இருக்குமா? இன்னொன்று, எந்தப் படைப்பிலிருந்து எந்தத் துண்டு என்று திரையில் பெயர் போடுவதில்லை, புதிதாகப் பார்க்கிறவர்கள் தவிக்கிறார்கள். ஆஸ்கர் ஆவணப்படப் பிரிவில் பரிந்துரை பெற்று விருது கிடைக்காமல் போனதைக் குறையாக நான் எண்ணவில்லை.

இதற்கு அப்புறம் எதைப் பார்ப்பது?

முதலில் ‘டான்சிங் ட்ரீம்ஸ்’. ‘கொன்டாக்ட்ஹோஃப்’ ஆடப் பழகும் பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 2010-ம் ஆண்டு ஆவணப்படம், அதில் பினாவை உயிரோடு, ஒத்திகை பார்ப்பவராகப் பார்க்கலாம். பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மன் 1983-ல் பினாவின் குழுவைப் பற்றி எடுத்த படத்தில் இளைய பினா இருக்கிறார். ‘டான்சிங் அட் டஸ்க்’ கிடைத்தால் விடாதீர்கள், 2020-ல் செனகல் கடற்கரை மணலில் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்கள் ‘வசந்தச் சடங்கை’ ஆடுகிறார்கள். கையோடு, சத்யஜித் ராய் பாலசரஸ்வதியைப் பற்றி 1976-ல் எடுத்த ‘பாலா’வையும் பாருங்கள். கடற்கரைக் காற்று புடவையை இழுக்க ‘கிருஷ்ணா நீ பேகனே’வுக்கு அவர் அபிநயம் பிடிக்கும் இடத்தைப் பினா படத்துக்கு அடுத்து பார்த்தபோது, நான் அதுவரை கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன்: காற்றை அவர் எதிர்க்கவில்லை, அதையும் சேர்த்துக்கொண்டு ஆடுகிறார்.

வரிசையாக நடந்தபடி கையை அசைக்கிறார்களே, அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக. ‘நெல்க்கென்’ படைப்பில் வரும் நான்கு பருவ வரிசை அது. பினா அறக்கட்டளை 2017-ல் உலகத்தில் உள்ள யார் வேண்டுமானாலும் இதை ஆடிப் படமெடுத்து அனுப்புங்கள் என்று அழைத்தது, பள்ளிக்கூடங்களும் முதியோர் இல்லங்களும் ஆடி அனுப்பின. பாட்டு லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’. வசந்தத்துக்குத் தரையோடு இருக்கும் சின்னப் புல், கோடைக்கு உயர்ந்த புல்லும் சூரியனும், இலையுதிர்காலத்துக்குக் கீழே இறங்கும் இலைகள், குளிருக்கு இறுக்கிய கைகளும் நடுக்கமும். ஒருவர் பின் ஒருவராக நின்று, முன்னால் இருப்பவரைப் பார்க்காமல் பார்வையாளர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாட்டின் வேகத்துக்கு நடக்க வேண்டும். நடுக்கம் முடிந்ததும் நிற்கக் கூடாது, நேராகச் சின்னப் புல்லுக்குப் போய்விட வேண்டும்.